தாளிக்காத சாம்பார்

"மருத்துவக் காரணத்தினாலோ சமயக் காரணத்தினாலோ உணவில் மாற்றம் தேவைப்படும் மாணவருக்கு, உரிய சான்றின் பேரில், மையத்தில் சமைக்கப்பட்ட பொருள்களிலிருந்து மாற்று உணவு வழங்கலாம். காரணத்தைப் பதிவேட்டின் ஐந்தாம் கலத்தில் குறிக்க வேண்டும்."

சுற்றறிக்கையின் ஏழாவது பத்தி இது. ஐந்தாம் கலத்தில் 'மருத்துவம் / சமயம்' என்று அச்சடித்தே இருக்கும். கீழே சிறிய எழுத்தில், 'தேவையற்றதை அடிக்கவும்.'

சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டியிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு படித்திருந்தால் உங்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு எல்லாப் பத்திகளும் நினைவிருக்கும். வரலாற்றில் எம்.ஏ. படித்தவளை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் உட்காரவைத்தால், அவள் சுற்றறிக்கைகளைத்தான் படிப்பாள். பருப்பு அளப்பது, முட்டை எண்ணுவது எல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். ஏழாவது பத்தி என்னை என்ன பாடு படுத்தியது, பதிலுக்கு நான் அதை என்ன பாடு படுத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளி திருவொற்றியூரில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் சாலை. காற்று மேற்கிலிருந்து வந்தால் மணலி ஆலைகளின் வாசனை, கிழக்கிலிருந்து வந்தால் கருவாட்டு வாசனை. தேசம்மாவின் சாம்பார் இரண்டையும் அடக்கிவிடும். தேசம்மா எங்கள் சமையலர், பக்கத்துக் குப்பத்துக்காரி. அவள் கடுகையும் மிளகாயையும் எண்ணெயில் போடும் சத்தம் கேட்டால் ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் நின்றுவிடுகிறது என்று கணக்கு வாத்தியார் என்னிடம் புகார் சொன்னார். எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள் என்றேன். அவர் கொடுக்கவில்லை. புகார் அத்துடன் தீர்ந்தது.

தலைமை ஆசிரியரைத் தவிர எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை.

உங்கள் மையத்தில் நீங்கள் முதலில் சந்திக்கப்போகும் சமயப் பிரச்சினை வாழைப்பழம். தினமும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பதிலாக ஒரு பழம். பழம் கறுத்துப்போய் வந்த நாளில் பள்ளி முழுவதும் முட்டை சாப்பிடும். பழம் மஞ்சளாக, புள்ளி விழாமல் வந்த நாளில் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சைவம்.

"டேய், உங்கப்பா மீன் ஏலம் விடுறவரு. நீ எப்படா சைவம் ஆன?"

"காத்தாலருந்து டீச்சர்."

"எதுக்கு?"

"முருகருக்கு."

"நேத்து ரெண்டு முட்ட கேட்டியே?"

"நேத்து முருகர் இல்ல டீச்சர்."

ரம்ஜான் மாதத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நோன்பு என்று சொல்லித் தட்டைத் தொடாமல் மரத்தடியில் போய்ப் பெருமையாக உட்கார்ந்தான். அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "நோன்பா? காத்தால நாலு இட்லி துன்ட்டு, அஞ்சாவது கேட்டு அழுதுகினே வந்தான் டீச்சர். அவுங்க அண்ணன் வெக்கிறான், இவனுக்கு ஆச. திட்டாதீங்க. சோத்த மட்டும் போட்டுடுங்க."

இப்படியே பல வருடம் பக்தியைத் துப்பறிந்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு பிள்ளை இது வேண்டாம், அது வேண்டும் என்றால், அதில் என்ன திருட்டுத்தனம் என்று முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும். அதனால் பழக்கம் வலுத்தது.

அப்போதுதான் ஆறாம் வகுப்பில் கங்கா வந்து சேர்ந்தாள். பதினோரு வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை நோய். அப்பா விசைப்படகில் போகிறவர், போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அம்மா மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்துக்குக் கூட்டிப் பெருக்குகிறவள். காலையில் அம்மா ஊசி போட்டு அனுப்புவாள். அந்த ஊசி மதியத்தில் முழு வேகத்தில் வேலை செய்யும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இல்லையென்றால் உடம்பில் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் இறக்கிவிடும். நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். அதற்குப் பிறகு வருவதை டாக்டர் கடிதத்தில் எழுதவில்லை. வாயால் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

கடிதத்தில் இருந்தவை மூன்று. மதியம் பன்னிரண்டரைக்குத் தவறாமல் உணவு. இனிப்பும் பழமும் தவிர்க்க வேண்டும். நடுக்கம் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர், பிறகு உணவு. முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தன. அவ்வளவு சுத்தமான சான்றை நான் பார்த்ததே இல்லை. ஐந்தாம் கலத்தில் 'சமயம்' என்பதை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்தேன். கங்காவை வரிசையில் முதலில் நிறுத்தினேன். பிள்ளைகள் அவளுக்கு விஐபி என்று பெயர் வைத்தார்கள். அவளும் பெயருக்கேற்றபடி தட்டை வீசிக்கொண்டுதான் வருவாள். ஜூனில் ஆரம்பித்து ஒரு நாள் தவறவில்லை.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் எலுமிச்சை சாதம். கங்கா தட்டை நீட்டாமல் நின்றாள்.

"டீச்சர், இன்னிக்கி எனக்குப் பழம் தர்றீங்களா?"

"உனக்கா? டாக்டர் பழம் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

"சோறு வேணாம் டீச்சர். பழம் மட்டும்."

"என்னடி திடீர்னு? உனக்கும் முருகரா?"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு போனாள். டாக்டர் பக்கம் நான், என் பக்கம் சுற்றறிக்கை. அந்த மதியம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்று மணிக்குத் தேசம்மா வந்தாள். "டீச்சர், கை கயுவுற கொயாகிட்ட எலுமிச்ச சோறு கொட்டிக் கெடக்குது. ஒரே காக்கா."

"எவனாவது அஞ்சாம் கிளாஸா இருப்பான்."

"கூடவே முட்டயும் கெடக்குது. அஞ்சாங்கிளாஸு முட்டய வுடாது டீச்சர்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பங்குனி, சித்திரையில் சோறு மிஞ்சுவது எங்கள் மையத்தில் வாடிக்கை. வருடா வருடம் பதிவேட்டில் ஒரே வாக்கியம் எழுதுவேன்: 'வெயிலின் காரணமாக மாணவர்கள் குறைவாக உண்கின்றனர்.' எந்த அதிகாரியும் அதைக் கேள்வி கேட்டதில்லை. எல்லா அதிகாரிக்கும் வெயில் தெரியும். அன்று கங்காவைக் காப்பாற்றியது, முருகர் பெயரில் பழம் வாங்கிய ஒரு பையன் அவளுக்குப் பிட்டுக்கொடுத்த பாதி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் சாம்பார் சாதம். பழம் அன்று மிக நல்ல பழம். வரிசை பாதி நகர்வதற்குள் கூடை காலி. கங்கா எதுவும் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டே முக்கால் இருக்கும், அவளோடு உட்காரும் பெண் ஓடி வந்தாள்.

"டீச்சர், கங்காவுக்குக் கை ஆடுது."

போய்ப் பார்த்தேன். தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் யார் என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள்.

சர்க்கரை டப்பா எங்கே? பீரோவில். எறும்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பயந்து நான்தான் பூட்டி வைத்திருந்தேன். பூட்டு கடல் காற்றில் துருப்பிடித்திருந்தது. சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. எண்ணெய் விட்டேன். திருகினேன். பின்னாலிருந்து தேசம்மா, "தள்ளு டீச்சர்" என்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். அம்மிக் குழவியால் ஒரே போடு. பூட்டு கழன்று அரிசி மூட்டைமேல் போய் விழுந்தது.

அன்றிலிருந்து சர்க்கரை டப்பா என் மேஜைமேல்தான் இருந்தது. எறும்புகள் தின்றது போக மிச்சம் இருந்ததே போதும். நீங்களும் அப்படியே வையுங்கள். யாராவது கேட்டால் பூட்டு உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

கங்கா சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஆள் தெரிய ஆரம்பித்தது. தலைமை ஆசிரியர் ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் தாங்கும், உடனே சோறு உள்ளே போக வேண்டும். நான் சாம்பார் சாதத்தை உருட்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தின்னுடி."

தலையை ஆட்டினாள்.

"தின்னலேன்னா செத்துப்போயிடுவடி!"

இந்த வாக்கியம் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. நீங்கள் சொல்லாதீர்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

தேசம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். துடைத்த கை இடுப்பில் நின்றது. பாவாடை நாடாவில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது.

"இன்னாடி இது? வூட்ல ஆத்தா வந்துகீதா?"

கங்கா தேசம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பயந்து பார்த்தாள்.

"யாருக்குடி?"

"தம்பிக்கு."

"எத்தினி நாளாச்சு?"

"மூணு."

தேசம்மா என் பக்கம் திரும்பினாள். "தாளிச்சது துன்ன மாட்டா டீச்சர். முட்டயும் துன்ன மாட்டா. நானாருந்தாலும் துன்ன மாட்டேன்."

உங்களில் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லிவைக்கிறேன். இங்கே வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால், அது இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தாளிக்கும் காரமும் புகையும் அம்மனுக்கு ஆகாது, படுத்திருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. வீட்டில் உள்ள மற்றவர்களும் வெளியில் தாளித்ததைத் தொட மாட்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் சாம்பார் சாப்பிட்டால் வீட்டில் தம்பிக்கு முத்து ஏறிவிடும். கங்கா அப்படித்தான் நம்பினாள். தன் உயிரா, தம்பி உயிரா என்று கணக்குப் போட்டு, இரண்டு நாளாகத் தம்பி பக்கம் நின்றிருக்கிறாள். அவள் கேட்டது ஒரே ஒரு பழம். அதைத்தான் நான் டாக்டர் கடிதத்தைக் காட்டி மறுத்தேன்.

"இப்ப என்ன குடுக்கறது? எல்லாத்துலயும்தான் தாளிப்பு விழுந்தாச்சே" என்றேன்.

"என் கூயு கீது."

தேசம்மா தன் தூக்குவாளியை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். கேழ்வரகுக் கூழ், மோர், உரித்த சின்ன வெங்காயம். திறந்தவள் கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

ஏழாவது பத்தி அந்த நேரத்தில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. 'மையத்தில் சமைக்கப்பட்ட பொருள்களிலிருந்து.' கூழ் தேசம்மா வீட்டில் காய்ச்சியது. அதைக் குடித்து அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆனால் என் வேலை போகும். அதற்கு முன்னால் தேசம்மாவின் வேலை போகும், ஏனென்றால் கீழே இருப்பவரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"குடு" என்றேன். நான் போட்ட உத்தரவுகளிலேயே சிறியது அதுதான்.

கங்கா வாளிக்குள் எட்டிப்பார்த்தாள். "தாளிச்சுதா ஆயாம்மா?"

"அடிங்க! கூயுக்கு எவடீ தாளிப்பா? குடி, ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

லாரிகளைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் வாளி காலி. வந்தவர் அவள் விரலில் குத்திப் பார்த்து, பரவாயில்லை என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். "உணவு" என்றேன். அது பொய் இல்லை.

சாயங்காலம் கங்காவின் அம்மா வந்தாள். தொழிற்சாலைச் சீருடையை மாற்றவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்தேன். "வீட்ல அம்மை போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க என்ன அந்நியமா?"

"சொன்னா வூட்டுக்கு அனுப்சிடுவீங்க டீச்சர். போன வருசம் எதுத்த வூட்டுப் பையன அனுப்சீங்க இல்ல? இருவத்தோரு நாளு. அவன் வூட்ல குந்திகினு கூயு குட்ச்சான், அவனுக்கு ஒண்ணும் ஆவல. இவ வூட்ல இருந்தா பன்னெண்டரைக்கு யாரு சோறு போடுவா? தம்பியப் பாத்துக்குற அவுங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது. நானு ரெண்டு நாளு லீவு போட்டா எடத்துக்கு வேற ஆளு வந்துடுவா." அவள் நிறுத்தி மூச்சு விட்டாள். "இந்தப் பள்ளிக்கூடத்து மணிய நம்பித்தான் டீச்சர் நான் தெனம் ஊசி போடுறேன். பழம் கேளு, தருவாங்கன்னு சொல்லித்தான் அனுப்சேன்."

நான் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது, அதனால் பயந்த மனிதர். "மேடம், அனுப்பிடலாம். தொத்து வியாதி. பெற்றோர் வாட்ஸப் குரூப்ல யாராவது போட்டாங்கன்னா நான் மாட்டுவேன்" என்றார். சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்து வந்தேன். அவர் கங்காவைப் பார்த்தார். கொப்புளம் இல்லாதவரை வரட்டும், தினம் காலையில் உடம்பைப் பாருங்கள், ஒன்று தெரிந்தாலும் அனுப்பிவிடுங்கள் என்றார். எழுதித் தருவீர்களா என்று கேட்டதும், அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்தது.

"எழுத்துல ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார் தலைமை ஆசிரியர்.

எழுத்துதானே வேண்டும்? இந்த வேலைக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் கொஞ்ச நாள் தட்டச்சு செய்தேன். அங்கே ஒரு கண்காணிப்பாளர். வெற்றிலை போடுகிறவர், ஒரு நாளும் கோபப்படாதவர். தனக்குப் பிடிக்காத உத்தரவு வந்தால் எதிர்த்து எழுத மாட்டார். பணிவாக ஒரு சந்தேகம் கேட்டு எழுதுவார். 'மறுப்பு எழுதினா ஒரே வாரத்துல பதில் வரும்மா. சந்தேகம் எழுதினா வராது' என்பார். அவர் சந்தேகம் கேட்ட சில கோப்புகள் அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தன.

அன்றே எழுதினேன்.

"பொருள்: அம்மை கண்ட இல்லத்தைச் சேர்ந்த, அம்மை காணாத மாணவிக்குத் தாளிக்காத உணவு வழங்குதல் – ஐந்தாம் கலத்தில் மருத்துவமா சமயமா – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக."

உள்ளே விவரமாக எழுதினேன். அம்மை என்பது நோய், ஆகவே மருத்துவம். தாளிக்காமை என்பது வழிபாடு, ஆகவே சமயம். மாணவிக்கு நோய் இல்லை, ஆனால் வேறு நோய் உண்டு. வழிபாடு உண்டு, ஆனால் அது தம்பியின் நோயை முன்னிட்டது. இவற்றுள் தேவையற்றது எது? கடைசி வாக்கியத்துக்காகத்தான் மொத்தக் கடிதமும்: "தங்கள் மேலான தெளிவுரை கிடைக்கப்பெறும் வரை, மாணவி பள்ளிக்கு வருவதும் அவருக்குத் தாளிக்காத உணவு வழங்குவதும் நடப்பில் உள்ளவாறே தொடரும் என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்."

நடப்பு என்பது அன்றைக்கு ஒரு வாளிக் கூழ்தான். அதைக் கடிதத்தில் விவரிக்கவில்லை.

தலைமை ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். முகம் தெளிந்தது. "கேட்டாச்சு இல்ல? அப்ப சரி" என்று மேலொப்பம் போட்டார். குரூப்பில் யாராவது கேட்டால், விஷயம் மேலிடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அடுத்து சமையல். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி இருப்புப் பதிவேடு என்று நான் ஒரு தாளில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். தேசம்மா எட்டிப்பார்த்தாள்.

"இன்னா டீச்சர், கல்யாண லிஸ்ட்டா?"

சொன்னேன்.

"அய்ய! தாளிக்கிறதுக்கு முன்னால ரெண்டு கரண்டி எட்த்து வெச்சா போச்சு. இதுக்கா பேப்பர கலீஜ் பண்றே?"

தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் பன்னிரண்டரைக்கு, கடுகு வெடிப்பதற்கு முன்னால் எடுத்துவைத்த சாம்பார் சாதத்தைக் கங்கா தூணுக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள். பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த என்னிடம், "உப்பு கம்மி டீச்சர்" என்றாள். விஐபி திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஆனால் அன்று வரிசை முடிந்ததும் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மெல்ல வந்து நின்றாள். "டீச்சர், எனக்கும் தாளிக்காதது கெடைக்குமா? எங்க வூட்லயும் வந்துகீது." அதற்கு மறுநாள் அண்ணன் தங்கை இரண்டு பேர். வாரம் முடிவதற்குள் எட்டுத் தட்டு. எல்லாம் குப்பத்துப் பிள்ளைகள். ஒருவனிடம் கேட்டேன், "இதுக்கு முன்னாடி அம்மை போட்டப்ப என்னடா பண்ணீங்க?"

"கொட்டிட்டு தண்ணி குட்ச்சிட்டு போய்டுவோம் டீச்சர்."

வெயிலின் காரணமாக மாணவர்கள் குறைவாக உண்கின்றனர். என் கையெழுத்தில், வருடா வருடம், நீல மையில். அன்று பழைய பதிவேடுகளை எடுத்து, அந்த வாக்கியம் எத்தனை பங்குனியில் இருக்கிறது என்று பார்த்தேன். எண்ணிக்கையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாவதாக ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் வந்தான். தனித்தட்டுக்காரர்களுக்கு முதலில் சோறு கிடைப்பதைப் பார்த்துவிட்டான்.

"எங்க வூட்லயும் ஆத்தா டீச்சர்."

"யாருக்கு?"

சுற்றும் முற்றும் பார்த்தான். "பூனைக்கு."

அவனுக்கும் ஒரு கரண்டி போடச் சொன்னேன். ஒரு வாய் தின்றுவிட்டு, பூனைக்குச் சரியாகிவிட்டது என்று சாதா வரிசைக்கு ஓடினான். பழைய நானாக இருந்தால் அவனை முதலிலேயே பிடித்திருப்பேன். பிடித்த பெருமையில், அவனுக்கு முன்னால் வந்த எட்டுப் பேரில் இரண்டு பேரையாவது விரட்டியிருப்பேன். நீங்கள் எந்தப் பக்கம் தவறு செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வரிசை நகரும்போது நேரம் இருக்காது. பிள்ளை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். பதினோரு வயதில் அதற்கு உண்மையான பதில் சொல்ல முடியாத காரணங்கள் வீட்டில் இருக்கும். எது என்றால் சாப்பிடுவாய் என்று கேளுங்கள். அதற்குப் பதில் உடனே வரும். கங்கா கேட்காமலேயே சொன்னாள்.

தம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று காலையில்தான் கங்காவின் கையையும் கழுத்தையும் கடைசியாகப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அம்மன் கருணை என்றாள் அவள் அம்மா, சின்ன வயதில் ஏற்கெனவே போட்டிருக்கும் என்றார் நர்ஸ். எதை அடிப்பது என்று நான் யோசிக்கவில்லை. கங்காவின் பெயருக்கு நேரே பழைய சிவப்புக் கோட்டுக்கு மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, இரண்டு சொல்லையும் திரும்ப எழுதினேன்.

என் கடிதம் பயணம் போனது. உணவுப் பிரிவு அதைச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பியது. தாளிப்பு எங்கள் வரம்பில் இல்லை என்று சுகாதாரம் திருப்பியது. சமயம் சம்பந்தப்பட்டது என்று யாரோ எழுத, சமயத்துக்கு இங்கே பிரிவே இல்லை என்று யாரோ குறிப்பு எழுதினார்கள். இதெல்லாம் நகல்கள் வழியாக எனக்குத் தெரியவரும். ஒவ்வொரு நகலையும் கோப்பில் அழகாகத் துளையிட்டுச் சேர்ப்பேன். அடுத்த பங்குனியிலும், அதற்கு அடுத்த பங்குனியிலும், வேப்பிலை கட்டிய வீட்டுப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் வந்து தாளிக்காத தட்டு வாங்கிக்கொண்டார்கள். தணிக்கைக்கு வந்தவர் ஐந்தாம் கலத்தைப் பார்த்து, "இங்க ஏன் அடிக்கலை?" என்றார்.

"தெளிவுரை நிலுவையில இருக்கு சார்."

கோப்பைக் காட்டினேன். கனத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போனார். ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. என் பணிக்காலத்தில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பாமல் விட்ட ஒரே கோப்பு அதுதான்.

கங்கா எட்டாம் வகுப்பு முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். இப்போது ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். அங்கே முதல் நாளே அமைப்பாளர் மேஜைக்குப் போய், சர்க்கரை டப்பா பூட்டி இருக்கிறதா என்று கேட்டாளாம். அதே கோடையில் நானும் ஓய்வு பெற்றேன்.

ஒரு மதியம் தேசம்மா போன் செய்தாள். பின்னணியில் தட்டுச் சத்தம்.

"டீச்சர், ஒங்க லெட்டருக்குப் பதில் வந்துகீது. புதுசா வந்த டீச்சரு கைல வெச்சுகினு முயிக்குது."

"படிக்கச் சொல்லு."

புது அமைப்பாளர், உங்களைப் போல ஒரு பெண், போனை வாங்கிப் படித்தாள். பார்வையில் காணும் கடிதத்தின் மீது கவனம் ஈர்க்கப்படுகிறதாம். தெளிவுரை வழங்க ஏதுவாக, மாணவியின் தம்பிக்கு அம்மை இறங்கிவிட்டதா, எனில் அவர் தற்போது எத்தகைய உணவு உட்கொள்கிறார் என்ற விவரத்தை மூன்று தினங்களுக்குள் அனுப்ப வேண்டுமாம்.

"மேடம், நான் என்ன எழுதறது? அந்தத் தம்பி யாரு?"

"தேசம்மாகிட்ட போனைக் குடும்மா."

தேசம்மா சிரித்துக்கொண்டே வாங்கினாள். "தோ, ரெண்டாங்கிளாஸு லைன்ல நிக்கிறான் டீச்சர். சோக்கா கீறான்."

"தட்டுல என்ன இருக்கு?"

"சாம்பார் சோறு ரெண்டு வாட்டி வாங்கிட்டான். இப்ப முட்ட வேணாமாம், பழம்தான் வேணுமாம். காத்தாலருந்து சைவமாம்."

அந்தப் பெண்ணிடம் அப்படியே எழுதச் சொன்னேன். பதில் வந்த நாள், கடிதம் போட்ட பங்குனிக்கு அப்புறம் நான்காவது ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. தேசம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அன்று பழம் நல்ல பழமாம்.